முளகு வெள்ளம்

மதினி,

இன்று காலை கண்ணைக் கசக்கித் தொலைத்துவிட்டேன். கழக்கூட்டம் ஹாஸ்டல் மெஸ்ஸில் இன்றைக்குக் கப்பைக் கிழங்கு. தொட்டுக்கொள்வதற்காகக் காந்தாரி மிளகாயையும் சின்ன உள்ளியையும் அம்மியில் வைத்துச் சதைத்துக்கொண்டிருந்தேன். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கப் போன விரல் இடது கண்ணில் பட்டுவிட்டது. நான் போட்ட சத்தத்தில், ராத்திரி ஷிஃப்ட் முடித்து மாடியில் தூங்கிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் பிள்ளைகள் இரண்டு பேர் இறங்கி வந்துவிட்டார்கள். கூட வேலை செய்கிற லீலா சேச்சி தேங்காய்ப்பாலை எடுத்து வந்து கண்ணில் விட்டார். "எந்து பற்றி செல்வீ?" என்று கேட்டார், என்ன ஆயிற்று என்று. "ஒண்ணுமில்ல சேச்சி, எங்க மதினி வந்துட்டுப் போறாக" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

நீங்கள் செத்து மூன்று மாதம் ஆகிறது. உங்கள் உடம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுகூட நான் அழவில்லை. இன்று குழாயடியில் குனிந்து நின்று அழுதேன். எரிச்சலில் வந்த தண்ணீர் எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. மத்தியானம் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்ததும் இந்த நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உங்களிடம் பேசி முடிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. நான் ஆரம்பித்தாலே என் வாயைப் பொத்திவிடுவீர்கள். இனிமேல் பொத்த முடியாது.

எங்கள் அண்ணன் ஒரு நாள் உங்களைக் கொன்றுவிடுவான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் இரண்டு வருடம் அதே வீட்டில் உட்கார்ந்து, நீங்கள் பொங்கிப் போட்டதைத் தின்றேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

விளாத்திகுளம் பக்கத்து மிளகாய்க் காட்டில் பிறந்தவள் நான். அப்பா இல்லாத வீட்டில் என்னைத் தோளில் சுமந்து வளர்த்தவன் அண்ணன். திருவனந்தபுரத்துக்கு மரவேலைக்குப் போனவன், களியக்காவிளைக்காரியான உங்களைக் கட்டிக்கொண்டு கரமனை ஆற்றோரத்தில் ஓட்டு வீடு பிடித்துக் குடியிருந்தான். பழவங்காடியில் ஒரு துணிக்கடையில் ஆள் எடுக்கிறார்கள் என்று என்னையும் வரவழைத்தான். தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்கு இருபது வயது, உங்களுக்கு இருபத்தாறு.

வந்த வாரமே தெருமுனைக் கடையில் நான் செய்த ரகளை ஞாபகம் இருக்கிறதா? ரசத்துக்கு நூறு கிராம் மிளகு கேட்டேன். கடைக்காரர் காய்ந்த மிளகாயைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். மிளகாய்க் காட்டுக்காரியிடமே ஏமாற்று வேலையா என்று பொட்டலத்தை அவர் மேஜையில் விட்டெறிந்தேன். நீங்கள் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனீர்கள். "இங்க முளகுன்னா மிளகாயாக்கும் பிள்ளே. ஒனக்க மிளகுக்கு இங்க குருமுளகுன்னு பேரு, கேட்டியா?" வீடு வந்து சேரும்வரை சிரித்தீர்கள். உங்கள் முன்பல் பாதி உடைந்திருப்பதை அன்றுதான் பார்த்தேன். எப்படி உடைந்தது என்று கேட்டதற்கு, கிணற்று வாளி இடித்தது என்றீர்கள்.

எந்த வாளி என்று நான் வந்த எட்டாம் நாள் தெரிந்தது. மீன் குழம்பில் புளி கூடிவிட்டது என்று அண்ணன் சட்டியைத் தூக்கி உங்கள் மேல் எறிந்தான். நீங்கள் விழுந்தீர்கள். கையைக் கழுவிவிட்டு வந்து உங்களை மிதித்தான். அவசரமே படாமல், பலகையை மட்டம் பார்க்கிறவன் மாதிரி நின்று நின்று மிதித்தான். நான் என்ன செய்தேன்? அலமாரியில் இருந்த ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன். பக்கத்து வீட்டில் கேட்டால் அண்ணனுக்கு மானம் போய்விடுமாம். ரேடியோவைத் திருகிய அந்த விரலை அம்மியில் வைத்து நசுக்கலாம் போல இப்போது ஆத்திரம் வருகிறது.

அதற்குப் பிறகு காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. சட்டையில் பித்தான் இல்லை. சோற்றில் கல் இருக்கிறது. கல்யாணமாகி ஆறு வருடமாகியும் பிள்ளை இல்லை. கடைசிக் காரணம் எல்லா அடிக்கும் பொது. நான் துணிக்கடையில் நின்றபடி, இன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது நீங்கள் உயிரோடு இருப்பீர்களா என்று யோசிப்பேன். யோசித்துக்கொண்டே வந்தவர்களுக்குச் சேலையை விரித்துக் காட்டுவேன்.

நீங்கள் ஊருக்கு வெளியே ஒரு செடி ஆராய்ச்சித் தோட்டத்தில் தினக்கூலியாக இருந்தீர்கள். அங்கே ஒரு மேடம், எங்கோ கடல் தாண்டிய மலைகளிலிருந்து வந்த காட்டு மிளகாய் விதைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நம் மிளகாய் எட்டு பத்து நாளில் தலை நீட்டிவிடும். இவை ஐந்து வாரமாகியும் அசையவில்லை. அலுத்துப்போய் ஒரு தட்டு மண்ணைக் கொட்டிவிடச் சொன்னார். நீங்கள் அவரிடம் கேட்டு, அதைச் சோற்று டப்பாவில் அள்ளிக்கொண்டு வந்தீர்கள். "இத மனுசன் வெதச்சதே இல்லியாம் பிள்ளே. நாமதான் மொதல்ல" என்றபோது உங்கள் முகத்தில் இருந்த பவிசை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அடுக்களையில் வெள்ளைத் துணியை விரித்து, மண்ணைக் கிளறி விதை பொறுக்கினீர்கள். நாட்டு மிளகாய் விதையில் பாதிதான் இருந்தது ஒவ்வொன்றும். ஈர்க்கு நுனியை நாக்கில் நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தீர்கள். பதினொன்று கிடைத்தன. அண்ணன் மரம் தேய்க்கிற உப்புத்தாளில் ஒரு துண்டு கிழித்து, நடுவில் விதைகளை வைத்து விரலால் இரண்டு சுற்று தேய்த்தீர்கள். தோல் கொஞ்சம் தேய்ந்தால்தான் தண்ணீர் உள்ளே இறங்குமாம். பிறகு பால் விடாமல் போட்டு ஆறிப்போன கட்டன் சாயாவில் ஒரு பகல் ஊறப்போட்டு, சலித்த மண்ணும் நார்த்தூளும் நிரப்பிய தேங்காய்ச் சிரட்டைகளில் புதைத்து, அடுப்பு மேடையின் ஓரத்தில் வரிசையாக வைத்தீர்கள். "கைய வெச்சா இளஞ்சூடா இருக்கணும். நமக்கு சொகமா இருந்தா அதுக்கும் சொகமாக்கும்." உங்களுக்கு எங்கே சுகமாக இருந்தது என்று நான் கேட்கவில்லை.

உப்புத்தாள் கிழிந்திருந்ததை அன்று சாயங்காலமே அவன் கண்டுபிடித்தான். எதற்கு என்று கேட்டான். நீங்கள் மறைக்காமல் சொன்னீர்கள். உங்களைச் சுவரோடு சாய்த்து, அதே தாளை உங்கள் கன்னத்தில் வைத்துத் தேய்த்தான். "ஒன் தோலத் தேச்சா பிள்ள மொளைக்குமாட்டி? சொல்லு, மொளைக்குமா?" ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு தேய்ப்பு. நான் வாசற்படியில் நின்று "அண்ணே, போதும்ணே" என்றேன். எனக்கே கேட்காத அளவுக்குச் சின்னக் குரலில் சொன்னேன். போகிற போக்கில் சிரட்டைகளைத் தரையில் தட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் காலை எழுந்து பார்க்கிறேன். ரத்தம் கசிந்து காய்ந்த கன்னத்தோடு நீங்கள் தரையில் குப்புறப் படுத்து, ஈர்க்கும் கையுமாக மறுபடி விதை தேடிக்கொண்டிருந்தீர்கள். ஒன்பது கிடைத்தது. எனக்கு உங்கள்மேல் கோபம்தான் வந்தது. உயிருக்கே உத்தரவாதம் இல்லாத வீட்டில் விதை ஒரு கேடா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே, நானும் உட்கார்ந்து தேடினேன். பத்தாவதை நான்தான் கண்டெடுத்தேன்.

நாற்பத்து மூன்றாம் நாள் ஒன்று முளைத்தது. விதைத்தோல் தலையில் தொப்பியாகக் கவிழ்ந்து, இலையை விரிய விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. நீங்கள் எச்சில் ஒரு சொட்டு வைத்து ஊறவிட்டு, ஈர்க்கால் அதைக் கழற்றினீர்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம் இரண்டு பேரும். பிறகு இன்னும் இரண்டு வந்தன. மற்றவை மண்ணாகிப் போயின. மூன்றையும் பழைய பெயின்ட் டப்பாக்களில் மாற்றிக் கிணற்றடியில் வைத்தோம். ஊதா நிறத்தில் பூத்தன. பக்கத்து வீட்டுக் காந்தாரியின் மகரந்தம் கலந்துவிடக் கூடாது என்று கொசுவலையைக் கிழித்து மூடினீர்கள். பட்டாணியைவிடச் சின்னக் காய்கள், வானத்தைப் பார்த்தபடி நின்றன. பழுத்ததும் தொட்டாலே உதிர்ந்தன.

பறவை தின்ன வசதியாகத்தான் அப்படி உதிர்கிறது என்று மேடம் சொன்னாராம். பறவைக்கு இந்த மிளகாய் எரிவதே இல்லையாம். அது பழத்தை முழுசாக விழுங்கி, விதையை முழுசாக எச்சமிடுகிறது. நீங்கள் அதை எனக்குச் சொன்ன விதம் வேறு. "முழுங்கியதுக்கு எரியாது பிள்ளே. பல்ல வெச்சுக் கடிச்சு நொறுக்கியவனுக்குத்தான் எரியும்." சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். உடைந்த பல் தெரிந்தது.

அடுத்த வருடம் மூன்று செடிகளும் காய்த்துக் குலுங்கின. மேடம் விதை கேட்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நீங்கள் கையில் பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு, இரண்டு ஆழாக்குப் பழத்தைச் சருவச்சட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டு நசுக்கிக்கொண்டிருந்தீர்கள். நல்ல விதை அடியில் தங்கும், சதையும் பொக்கும் மிதக்கும், தண்ணீரை இறுத்துவிட வேண்டும். வீடு முழுவதும் காரல் நெடி. நாம் இரண்டு பேரும் இருமிச் சிரித்துக்கொண்டிருந்தோம். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த அண்ணனும் இருமினான்.

எழுந்து வந்தான். குடித்திருக்கவில்லை. குடித்திருந்தான் என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான், ஆனால் குடிக்கவில்லை. உங்கள் முடியைப் பிடித்துத் தூக்கி, அவனே இழைத்து மாட்டிய கதவு நிலையில் உங்கள் தலையை மோதினான். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. நிலையில் ரத்தம் இறங்கியது. நீங்கள் சரிந்து சருவச்சட்டிக்குப் பக்கத்தில் விழுந்தீர்கள். அவனுக்குப் போதவில்லை. மூலையில் கிடந்த சாமான் பையிலிருந்து கொட்டாப்புளியை எடுத்தான். உளியின் தலையில் அடிக்கிற அந்தக் கட்டைச் சுத்தியலை உங்கள் தலைக்கு நேராக ஓங்கினான்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு எனக்குப் பின்னால், அலமாரியில் இருந்த ரேடியோவைப் பார்த்தீர்கள்.

நான் சட்டியைத் தூக்கி மிளகாய்த் தண்ணீரை அவன் முகத்தில் அடித்தேன். அவன் கண் உங்கள்மேல் இருந்தது. பக்கவாட்டில் நின்றவளை அவன் பார்க்கவில்லை, பார்க்க அதற்குப் பிறகு கண்ணும் இல்லை. கொட்டாப்புளி நழுவி உங்கள் தோளில் விழுந்தது. அவன் போட்ட கூப்பாட்டை நான் என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். மரத்தூளும் பாலிஷும் அப்பிய கையால் கண்ணைத் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க இன்னும் அலறினான். சுவரில் முட்டினான். "கண்ணுல ஊத்திட்டியாட்டி! ஏட்டி! கண்ணுல ஊத்திட்டியே!" என்று உங்களைச் சொல்லித்தான் கத்தினான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மதினி. சட்டியில் மிச்சம் இருந்திருந்தால் அதையும் ஊற்றியிருப்பேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவில், தலையில் துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "நான்தான் ஊத்துனேன். நீ ஒண்ணும் காணல. எனக்கு இதுக்கு மேல என்ன வரப் போவுது? ஒனக்கு இனியாக்கும் எல்லாம்." நான் தலையாட்டினேன். ஆனால் என் மண்டைக்குள் ஒரு புத்திசாலித்தனம் ஓடிக்கொண்டிருந்தது. யாருமே ஊற்றவில்லை, ரசம் தவறிக் கொட்டிவிட்டது என்று சொல்லிவிட்டால் உங்களுக்கும் கேஸ் இல்லை, எனக்கும் இல்லை.

உள்ளே உங்களுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே பெஞ்சில் போலீஸ் ஏட்டு ஒருவர் பேப்பரும் பேனாவுமாக என்னை உட்கார வைத்தார். ரசத்துக்கு எங்கள் ஊர்ப் பேர்தான் வாயில் வந்தது. "மிளகுத் தண்ணி சார். வேற ஒண்ணுமில்ல. மிளகுத் தண்ணி" என்றேன். அவர் எழுதிக்கொண்டே, "முளகு வெள்ளம், அல்லே?" என்று கேட்டார். தண்ணீருக்கு அங்கே வெள்ளம் என்பது தெரியும். புரிந்துகொண்டாரே என்ற நிம்மதியில், "ஆமா சார், மிளகு வெள்ளம்! மிளகு வெள்ளம்!" என்று இரண்டு தரம் சொன்னேன். "ஆரா ஒழிச்சது?" என்றார். ரசம் வைத்தது யார் என்று கேட்கிறார் என நினைத்தேன். "எங்க மதினிதான்" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

அவர் எழுதியிருந்தது இது: மிளகாய்த் தண்ணீர். ஊற்றியது மனைவி. ஒழிப்பது என்றால் அங்கே ஊற்றுவது.

தலைக்கட்டோடு வெளியே வந்த உங்களிடம் ஏட்டு அதைப் படித்துக் காட்டினார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். தெருமுனைக் கடையில் மிளகாய்ப் பொட்டலத்தை எறிந்தவளைப் பார்த்த அதே பார்வை. ஏழு தையல் போட்ட தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். எனக்கு விஷயம் விளங்கியபோது, தாங்காமல் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்டேஷனில் இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சமாதானம் பேசினார்கள். இருவரும் புகார் கொடுத்தால் இருவரும் உள்ளே போக வேண்டியதுதான் என்றார்கள். என் ஒரு சொல்லால், உங்கள் ஏழு தையலும் அவன் கண்ணும் சரிக்குச் சரி ஆகிவிட்டன. நீங்கள் அதே வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டியிருந்தது. கிளம்பும்போது அந்த ஏட்டு அண்ணனிடம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "சூட்சிச்சோ கேட்டோ. இனி தொட்டால் அவள் பின்னேயும் ஒழிக்கும்." ஜாக்கிரதை, தொட்டால் மறுபடி ஊற்றுவாள் என்று அர்த்தம். கட்டுப் போடாத கண்ணால் அண்ணன் உங்களைப் பார்த்தான். பயந்த ஆளின் பார்வை அது. அவனிடம் அதை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. "மதினி, ஊத்துனது நாந்தான்னு அண்ணங்கிட்ட சொல்லிருதேன்" என்றேன். நீங்கள் என் வாயைப் பொத்தினீர்கள். "சொல்லாத பிள்ளே. நீ சொன்னா எனக்க மேல உள்ள பயம் அவனுக்குப் போயிரும். அந்தப் பயம் இருந்தாத்தான் இனி நான் உறங்க முடியும்." கையை எடுத்துக்கொண்டே, "நல்ல வேள, ஒனக்கு மலையாளம் தெரியல" என்றீர்கள்.

பிறகொரு நாள் கேட்டீர்கள்: "முளகுன்னா என்னன்னு நான் சொல்லித் தந்தேனே. அது தெரிஞ்சா சொன்ன, தெரியாமயா?" தெரியாது என்றேன். இன்றைக்கும் அதேதான் பதில். என் வாய் தவறியதா, அல்லது எனக்கே தெரியாமல் பழியை உங்கள்மேல் தள்ளிவிட்டு நான் தப்பித்துக்கொண்டேனா? இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

சட்டியிலிருந்து தெறித்த விதைகளைத் தரையிலிருந்து பொறுக்கி மறுபடி போட்டீர்கள். மேடத்துக்குக் கொடுத்தது போக, வீட்டைச் சுற்றி வைத்தீர்கள். வாசலில் இரண்டு, அடுக்களை ஜன்னலில் ஒன்று, குளியலறைப் பக்கம் ஒன்று, அவன் கட்டிலுக்கு நேரே ஜன்னல் விளிம்பில் ஒன்று. அவன் இடது கண்ணில் வெள்ளை விழுந்துவிட்டது. கையை ஓங்குவான். பார்வை ஜன்னலுக்குப் போகும். கையைக் கீழே போடுவான். எட்டு வருடம் அப்படி ஓடியது; அதன் நடுவில்தான் நான் துணிக்கடையை விட்டு இந்த மெஸ் வேலைக்கு வந்து இங்கேயே தங்கினேன். அதைக் குடித்தனம் என்று சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் உயிரோடு இருந்தீர்கள், சத்தமாகச் சிரித்தீர்கள், உடைந்த பல்லைக் கட்டிக்கொண்டீர்கள். கடைசியில் உங்களைக் கொண்டுபோனது அவன் இல்லை. மழைக்காலத்துத் தோட்டத்துச் சேற்றில் வந்த எலிக்காய்ச்சல். மூன்றே நாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கரமனை வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஆற்றுப் பக்கம் எறிந்தான். ஊரில் பெண் பார்த்திருக்கிறார்களாம். நான் போய்ப் பேசி முடித்துவிட்டு வர வேண்டுமாம், இரண்டு மாதத்தில் கல்யாணமாம். "சின்னப் பொண்ணு. சொன்ன பேச்சக் கேப்பா" என்றான். கடைசிச் செடியை இழுத்துக்கொண்டே சிரித்தான். "இனி இந்த வீட்டுல எவ ஊத்துவா?"

நீங்கள் அடைத்து வைத்த வாயைத் திறந்தேன், மதினி.

"அன்னைக்கு ஊத்துனது மதினி இல்ல, நான். இன்னும் சாகல."

கையிலிருந்த செடி கீழே விழுந்தது. அவனுக்கு நல்ல கண் ஒன்றுதான். அது என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு, நான் நடந்தபோது எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான்.

அவன் எறிந்த செடியிலிருந்து பழங்களைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டேன். உப்புத்தாளில் தேய்த்து, கட்டன் சாயாவில் ஊறவைத்து, இங்கே மெஸ் அடுப்பு மேடையின் ஓரத்தில் நான்கு சிரட்டைகளில் போட்டிருக்கிறேன். தினமும் கையை வைத்து இளஞ்சூடு பார்க்கிறேன். அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன். அந்தப் பெண்ணைத் தனியாக உட்கார வைத்து உப்புத்தாளில் தொடங்கி எல்லாவற்றையும் சொல்வேன். கட்டாதே என்று காலில் விழுந்தாவது சொல்வேன். அவள் வீட்டார் கேட்காமல் அவளை அவனுக்குக் கட்டிவைத்துவிட்டால், கல்யாணச் சீராக ஒரு சிரட்டையை அவள் கையில் கொடுப்பேன்.

முளைக்க நாற்பது நாளாவது ஆகும். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

உங்கள்
செல்வி